82 சதவீதம் தள்ளுபடி. பத்தே நிமிடத்தில் இருட்டு!

ஆன்லைன் டார்ச் லைட், ரீசார்ஜ் பாட்டரி வியாபாரத்தில் "நம்பர்" விளையாட்டு: ஏமாறாமல் மலிவாக வாங்குவது எப்படி?

சென்னை வியாசர்பாடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரவை இன்னும் மறக்கவில்லை.

மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த நாள் அது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்ததும், வயதான தாயாரை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட அண்ணாச்சி முடிவு செய்தார். கையில் புதிய டார்ச் லைட். இரண்டு மாதத்துக்கு முன் செல்போனில் பார்த்து ஆன்லைனில் வாங்கியது. விலை 2,499 ரூபாய் என்று போட்டு, அதைக் கோடு போட்டு அடித்து, 449 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். தள்ளுபடி 82 சதவீதம்!

பொத்தானை அழுத்தியதும் பளீரென்று எரிந்தது. தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆறாவது படியில் வெளிச்சம் மஞ்சளாக மங்கியது. எட்டாவது படியில் பொசுக்கென்று அணைந்து விட்டது. மாடி வீட்டுப் பையன் செல்போன் விளக்கைக் காட்ட, தட்டுத் தடுமாறி ஏறினார்கள். நல்லவேளையாகத் தாயாருக்கு அடி எதுவும் படவில்லை.

ஆனால் கீழே கடையில் இருந்த பொன்னி அரிசி மூட்டைகளை இருட்டில் தூக்கி வைக்க முடியவில்லை. இரண்டு மூட்டை தண்ணீரில் ஊறிப் போயின.

"டார்ச்சுல மிச்சம் பிடிச்சேன், அரிசியில விட்டேன்" என்கிறார் அண்ணாச்சி.

இவர் மட்டுமல்ல. மழைக்காலம் நெருங்கினால் செல்போனைத் திறந்தவுடன் டார்ச் லைட் விளம்பரம் வந்து நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா புயல், 2023 மிக்ஜாம் என்று அடிபட்ட சென்னைவாசிகள், "ஒண்ணு வாங்கி வைப்போமே" என்று பொத்தானை அமுக்கி விடுகிறார்கள். பார்சல் வருகிறது. ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் பீரோ மேல் வைத்து விடுகிறார்கள். அது எப்படிப்பட்ட சரக்கு என்பது, கரண்ட் போன ராத்திரிதான் தெரிகிறது!

தராசு சொன்ன உண்மை

தண்ணீர் வடிந்த பிறகு அந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனார் அண்ணாச்சி. பாட்டரியும் எல்.இ.டி. சாமானும் விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் டார்ச்சின் பின்மூடியைத் திருகி, உள்ளே இருந்த நீலநிறக் கட்டையை உருவினார். அதன் மேல் பெரிய எழுத்தில் "9900 எம்.ஏ.எச்." என்று அச்சடித்திருந்தது.

கடைக்காரர் சிரித்து விட்டார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க. என்ன எடை இருக்கும்?"

"ரொம்ப லேசா இருக்கு, தம்பி."

"இந்த சைஸ் கட்டை, நல்ல சரக்குன்னா நாப்பத்தஞ்சு கிராம் சுமார் இருக்கணும். உங்க கடையில தராசு இருக்குல்ல? போய் நிறுத்துப் பாருங்க."

அதே கடையில் சார்ஜை முழுக்க ஏற்றி, பிறகு முழுக்க இறக்கி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் பார்க்கும் கருவியும் இருந்தது. கட்டை அதில் மாட்டப்பட்டது. சார்ஜ் ஏறி முடிந்து, இறங்க ஆரம்பித்த ஒன்றே கால் மணி நேரத்தில் கட்டை காலி. கருவி காட்டிய எண் 620!

மேலே எழுதியிருப்பது 9900. உள்ளே இருப்பது 620. பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கடைக்குத் திரும்பிய அண்ணாச்சி, பருப்பு நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் கட்டையை வைத்தார். 25 கிராம் காட்டியது.

"நாப்பது வருசமா தராசு பிடிக்கிற கை இது. அம்பது கிராம் கடுகு குறைஞ்சா சண்டைக்கு வர்ற ஊரு. எனக்கே எடை குறைச்சுக் கொடுத்திருக்கானே!" என்று தலையில் அடித்துக் கொண்டார்.

"9900" என்று ஒன்று உண்டா?

இந்தக் கட்டைகளுக்கு "18650" என்று பெயர். 18 மில்லி மீட்டர் குறுக்களவு, 65 மில்லி மீட்டர் நீளம். கடைசியில் உள்ள பூஜ்யம், அது உருளை வடிவம் என்பதற்கு அடையாளம். பார்க்கப் பென்சில் கட்டையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். லேப்டாப்பிலும், பவர் பேங்குகளிலும், சில பாட்டரி வண்டிகளிலும் இருப்பது இதே ஜாதிதான்.

எம்.ஏ.எச். என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண். 18650 அளவில் பேர் பெற்ற கம்பெனிகள் செய்யும் முதல்தரக் கட்டைகளிலேயே 3,500 அல்லது 3,600-தான் உச்சம். அந்தக் குடத்துக்குள் அதற்கு மேல் கொள்ளாது. ஆகவே 18650 கட்டையில் 5000, 6800, 9900 என்று எந்த எண் இருந்தாலும், விலையைப் பார்க்காமலேயே விலகி விடலாம்.

இதைவிடப் பருமனான "21700" என்ற கட்டையும் இப்போது வருகிறது. அதில் 4,000, 5,000 என்று இருப்பது நியாயமான எண்.

ரீசார்ஜ் செய்யும் பென்சில் கட்டையிலும் இதே கூத்து நடக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற வகையில், உண்மையான பென்சில் கட்டை 1,900 முதல் 2,700 வரைதான் பிடிக்கும். ரிமோட்டுக்குப் போடும் ஒல்லிக் கட்டை என்றால் 700 முதல் 1,000 வரை. பென்சில் கட்டையில் "4600" என்று அச்சடித்திருந்தால் அது அச்சகத்தின் திறமையே தவிர, பாட்டரிக் கம்பெனியின் திறமை அல்ல!

மட்டமான கட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரிய உறைக்குள் சின்ன செல் ஒன்று ஒளிந்திருக்கும். மிச்ச இடத்தில் மாவோ, மண்ணோ அடைத்திருப்பதும் உண்டு. இன்னும் சில, பழைய லேப்டாப் பாட்டரியிலிருந்து உருவி, புதுச்சட்டை மாட்டி வந்தவை. இவற்றில் எடைகூடச் சரியாக இருக்கும், உயிர்தான் இருக்காது. ஆகவே எடை குறைந்தால் நிச்சயம் போலி. எடை சரியாக இருந்தாலும் நல்ல சரக்கு என்று அடித்துச் சொல்ல முடியாது.

யாரும் பாட்டரியைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இறங்க வேண்டாம். லித்தியம் கட்டையைக் கத்தியால் கீறினால் தீப்பிடிக்கும்.

இஸ்திரிப் பெட்டிக் கணக்கு

அடுத்த வலை "லூமன்". வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் எண் இது. பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700, 800 லூமன் வெளிச்சம் தரும். கரண்ட் போனால் வீட்டுக்குள் நடமாட 50, 100 லூமனே தாராளம். இருட்டுத் தெருவில் நடக்க 200, 300 இருந்தால் போதும்.

ஆனால் அண்ணாச்சி வாங்கிய டார்ச்சின் விளம்பரத்தில் இருந்தது "1,00,000 லூமன்"!

ரிச்சி தெருக் கடைக்காரர் போட்ட கணக்கு இது: "நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறுலேருந்து நூத்தம்பது லூமன் தரும். அப்போ லட்சம் லூமனுக்கு எழுநூறுலேருந்து ஆயிரம் வாட் வேணும். ஆயிரம் வாட்டுன்னா நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்ட், விரல் நீளக் கட்டையில வருமா அண்ணாச்சி?"

வராது. இந்த விஷயத்தில் யோக்கியமான கம்பெனிகள் "எஃப்.எல். 1" என்ற அளவு முறையைப் பின்பற்றுகின்றன. எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் எரியும், எத்தனை மீட்டர் தூரம் அடிக்கும் என்று மூன்றையும் சேர்த்தே அச்சடிப்பார்கள். லூமனை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எரியும் நேரத்தைப் பற்றி மூச்சு விடாத டார்ச் என்றால் உஷார்.

கோடு போட்ட விலை

"2,499-ஐ அடிச்சு 449-ன்னு போட்டா யாருக்குத்தான் ஆசை வராது?" என்று கேட்கிறார் அண்ணாச்சி.

எம்.ஆர்.பி. என்பது, அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற எல்லை விலை. அந்த விலைக்கு அந்தச் சரக்கு என்றைக்காவது விற்றது என்று அர்த்தமில்லை. 449 ரூபாய்ச் சரக்குக்கு 2,499 என்று சீட்டு ஒட்டிவிட்டால், 82 சதவீதத் தள்ளுபடி தானாகவே வந்து விடுகிறது!

நல்ல "டீல்" எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, தள்ளுபடி சதவீதத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கொடுக்கும் ரூபாயை மட்டும் பார்ப்பதுதான். அதே டார்ச், அதே மாடல், இரண்டு மூன்று ஆன்லைன் கடைகளிலும் கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலும் என்ன விலை? ரிச்சி தெருவில் என்ன விலை? டெலிவரிக் கூலி சேர்த்து எவ்வளவு? இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டு விடும்.

"இன்னும் 9 நிமிடம்தான்", "இரண்டே பாக்கி" என்று திரையில் கடிகாரம் ஓடினால் பதறவே வேண்டாம். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் தடை செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று.

நிஜமான மலிவு எங்கே?

ஆன்லைனில் நல்ல சரக்கே கிடைக்காது என்று சொல்வதற்கில்லை. பேர் பெற்ற கம்பெனியின் டார்ச்சும் செல்லும் அடக்கமான விலைக்கு வரத்தான் செய்கின்றன. அவற்றில் தள்ளுபடி பெரும்பாலும் 82 சதவீதமாக இருக்காது, அவ்வளவுதான்.

விவரம் தெரிந்தவர்கள் வாங்கும் முறை இது:

மழை வந்த பிறகு தேடுவதில்லை. தீபாவளிக்கு முன் வரும் பெரிய விற்பனைக்குச் சில வாரம் முன்பே மாடலை முடிவு செய்து, அன்றைய விலையைக் குறித்து வைக்கிறார்கள். விற்பனை நாளில் விலை உண்மையிலேயே இறங்கியிருந்தால்தான் வாங்குகிறார்கள்.

பென்சில் கட்டையை ஒற்றையாக வாங்குவதைவிட, நான்கு கட்டையும் சார்ஜரும் சேர்ந்த பெட்டி பல நேரம் லாபம். அதிலும் "லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்" அல்லது "ரெடி டு யூஸ்" என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகையைச் சார்ஜ் செய்து வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். மற்ற வகை, சும்மா இருக்கும்போதே வடிந்து விடும்.

சரக்கை யார் விற்கிறார்கள் என்ற பெயரைப் படிக்க வேண்டும். ஆன்லைன் கடையின் பெயர் பெரியதாக இருந்தாலும், உள்ளே விற்பவர் யாரோ ஒருவராக இருக்கலாம். கம்பெனியோ, அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரோ என்றால் நல்லது.

ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விட்டுவிட்டு, ஒன்றும் மூன்றும் நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும். "பார்சல் சீக்கிரம் வந்தது, சூப்பர்" என்ற பாராட்டால் பயனில்லை. "ஆறு மாதம் ஆகிறது, இன்னும் எரிகிறது" என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

லித்தியம் கட்டையில் பி.ஐ.எஸ். முத்திரையும், "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது இல்லாத கட்டை, காசுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே ஆபத்து.

எல்லாவற்றுக்கும் ரீசார்ஜ் கட்டையும் தேவையில்லை. சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் சாதாரணக் கட்டையே போதும். வருஷக் கணக்கில் ஓடும். தினமும் எரிகிற டார்ச், குழந்தைகளின் பொம்மை, கேமரா, வயர் இல்லாத மவுஸ் ஆகியவற்றுக்குத்தான் ரீசார்ஜ் கட்டையில் போட்ட காசு திரும்பி வரும்.

பீரோ மேல் செத்துப் போகும் டார்ச்

நல்ல சரக்கை வாங்கியும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் ஏற்றும் மலிவு டார்ச்சுகள் பலவற்றின் உள்ளே இருப்பது, ஈயமும் அமிலமும் கலந்த 4 வோல்ட் பாட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் இதை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் செத்துப் போகும். பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் ஏறாது. மாதம் ஒருமுறை கட்டாயம் சார்ஜ் போட வேண்டும். லித்தியம் வகையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சார்ஜ் ஏற்றி வைத்தால் போதும்.

லித்தியம் கட்டையைத் தலையணைப் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடக் கூடாது. வீங்கியது, கசிந்தது, சார்ஜ் ஏறும்போது தொட முடியாமல் கொதிக்கிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இரு முனையிலும் இரும்பு பட்டால் அதுவே நெருப்பு. செத்த கட்டையைக் குப்பைத்தொட்டியில் வீசக் கூடாது. பாட்டரி, எலெக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

பார்சல் வந்த வாரமே பரீட்சை

பார்சல் வந்ததும் செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று, பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியும் பில்லும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டு, கட்டையைக் கழற்ற முடிந்தால் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 18650 என்றால் 45 கிராம் வாக்கில் இருக்கும். பென்சில் கட்டை என்றால் 25 முதல் 30 கிராம்.

மூன்று, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எரிய விட்டு, மணியைப் பார்க்க வேண்டும். மூன்று வாட் எடுக்கும் டார்ச்சில் நிஜமாகவே 2,000 எம்.ஏ.எச். கட்டை இருந்தால், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். இருபது நிமிடத்தில் மங்கினால் மறுநாளே திருப்பி அனுப்பி விடலாம். திருப்பி வாங்கும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அண்ணாச்சி கோட்டை விட்டது இங்கேதான். பரீட்சை பார்க்காமல் பீரோ மேல் வைத்து விட்டார். வெள்ளம் வந்தபோது கெடு தாண்டி விட்டது.

ஏமாந்தால் எங்கே போவது?

ஆன்லைன் வியாபாரத்துக்கென்றே 2020-ம் ஆண்டு ஜூலையில் தனி விதிகள் வந்திருக்கின்றன. அதன்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். சரக்கு எந்த நாட்டில் ஆனது என்பதையும் காட்ட வேண்டும்.

அங்கே வேலை நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாத மாயக் கடைகள் தனி ரகம். முகவரி இல்லை, போன் எண் இல்லை, "99 ரூபாய்க்கு ராட்சத டார்ச்" என்று விளம்பரம் மட்டும் வரும். அதில் பணம் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க முடியும்.

அண்ணாச்சி கடையில் புதிய தொழில்!

அண்ணாச்சி இப்போது வேறு டார்ச் வைத்திருக்கிறார். 300 லூமன்தான். கட்டையில் 2600 என்று போட்டிருக்கிறது. ரிச்சி தெருக் கருவியில் 2,540 காட்டியது. மாதம் பிறந்ததும் கடன் கணக்கு நோட்டைப் புரட்டும்போதே டார்ச்சையும் எரித்துப் பார்த்து விடுகிறார்.

விஷயம் தெருவில் பரவி விட்டது. ஆன்லைனில் பாட்டரி வாங்கியவர்கள் கட்டையும் கையுமாகக் கடைக்கு வருகிறார்கள். "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லுங்க!"

சர்க்கரை நிறுக்கும் அதே தராசில் அவரும் வைத்துப் பார்த்துச் சொல்கிறார். முதல் வாரம் ஐந்து கட்டைகள் தராசில் ஏறின. மூன்று தேறவில்லை.